டவுன் எங்கே முடிகிறது

ஒன்பதாம் வகுப்பில் மக்கள்தொகைப் பாடம் நடத்தும்போது, தென்காசி நகரத்தையும் மாவட்டத்தையும் ஒப்பிட்டுக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். எண்களைத் தேடினால், கடைசிக் கணக்கெடுப்பின்போது இந்த மாவட்டமே கிடையாது. எல்லாம் திருநெல்வேலிக் கணக்கில் கிடந்தது. தாலுகா தாலுகாவாகப் பிரித்துக் கூட்டினாலும் பழைய எண்கள்தான். பொறுமை போய், "நம்ம டவுன்தான் வேகமா வளருது" என்று ஆசிரியர் அறையில் நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பிறந்ததும் வாக்கப்பட்டதும் இதே ஊர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கணக்கு டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், என் வயதுக்காரி.

"எத வச்சுச் சொல்லுதீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டத் தாண்ட முடியுதா டீச்சர்? அம்புட்டுக் கூட்டம்."

"அங்க நிக்கவங்க எல்லாம் ஒங்க ஊர்க்காரங்களா? நானுந்தான் நிக்கேன். சாயந்தரம் எங்க ஊருக்குப் போயிருதேன்லா? விட்டா குத்தாலத்துல குளிக்க வந்தவங்களையும் சேத்து எண்ணிருவீங்க போல!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சுற்றியிருக்கும் ஊர்கள்தான் வளர்கின்றன, டவுன் மூச்சு முட்டி நிற்கிறது என்பது அவள் கட்சி.

அந்த வாரம் என் தம்பி புது வீட்டில் பால் காய்ச்சினான். என் வீட்டுக்கு எதிரே இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டு மாடியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருந்தவன், பாவூர்சத்திரம் போகிற வழியில் மனை வாங்கிக் கட்டியிருந்தான். முதலில் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "டவுன விட்டுட்டா போற?" என்றேன். "ஏக்கா, டவுனுக்குள்ள எடம் எங்க இருக்கு, நீயே காட்டு" என்றான்.

கணக்கு டீச்சரையும் அழைத்திருந்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்: "இப்ப டவுன் முடிஞ்சிட்டா? இப்பவாது முடிஞ்சிட்டா?" முன்பெல்லாம் வயல் வந்தால் ஊர் முடிந்தது என்று அர்த்தம். இப்போது ஒரு வயல், அடுத்து ஒரு கல்யாண மண்டபம், பிறகு டைல்ஸ் கடை, மறுபடியும் கொஞ்சம் வயல். எனக்கும் தெரியவில்லை.

தம்பி வீட்டில் பாயாசம் குடித்துக்கொண்டே அக்கம்பக்கத்தாரை விசாரித்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் ரதவீதிக்கு அடுத்த தெருவில் இருந்தவர்கள். "மாடி எடுத்துக் கட்ட வழியில்ல, வந்துட்டோம்" என்றார்கள். என் நகரத்து ஆட்கள் இங்கே வந்து குடியேறியிருப்பதைப் பார்த்து டீச்சர் வெற்றிப் பார்வை பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்து, அவளைக் கண்டதும் சத்தம் போட்டாள்.

"ஏட்டி, நீ எங்க இங்கன?"

அந்த அம்மா வாசுதேவநல்லூரில் டீச்சர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவளாம். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வந்துவிட்டாளாம். "நம்ம தெருவுல பாதி வீடு பூட்டித்தானட்டி கெடக்கு" என்றாள்.

டீச்சர் முகம் சட்டென்று வாடிவிட்டது. அவளைச் சீண்டத் தோன்றவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. தம்பி பிள்ளைகள் இனி மாடியிலிருந்து "அத்தே" என்று கூப்பிடப்போவதில்லை.

திரும்பும்போது அவளே ஆரம்பித்தாள். "ஒங்க டவுனும் வளரல, எங்க ஊரும் வளரல. ரெண்டுக்கும் நடுவுல எவனோ வளருதான்."

"பக்கத்து மனை காலியாத்தான் இருக்காம். வாங்கிப் போடுங்களேன்" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு எலுமிச்சத் தோட்டத்த விட்டு வருவாரா? நீங்க வாங்க வேண்டியதானே?"

யாரும் வாங்கவில்லை. அவள் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறாள். திங்கட்கிழமை வகுப்பில், டவுனா மாவட்டமா, எது வேகமாக வளர்கிறது என்பதற்குச் சரியான விடை அடுத்த கணக்கெடுப்பு முடிந்தபிறகுதான் தெரியும் என்று சொன்னேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்கள்.