விழிதியூர் போகும் வழியில் நின்ற வண்டி

வாழ்நாள் முழுவதும் மொபெட் மட்டுமே ஓட்டியவன் நான். அறுபத்தெட்டு வயதில் கியர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கவில்லை. என் மனைவியின் அக்கா விழிதியூரில் தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய் அவர் கண்களைக் கொண்டுபோய்விட்டது. காலையிலும் மாலையிலும் என் மனைவி போய் இன்சுலின் பேனாவில் அளவு வைத்து ஊசி போட்டு, கூடவே உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காரைக்காலில் எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். "என் வீட்டுல எனக்குச் சுவரு வழி சொல்லும் தம்பி. உங்க வீட்டுல நான் குருடி" என்பார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தலை நரைத்த என்னைத் தம்பி என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

பேருந்து நேரமும் ஊசி நேரமும் ஒத்துவரவில்லை. மொபெட்டோ இரண்டு பேரைச் சுமந்துகொண்டு வாய்க்கால் பாலம் ஏறுவதற்குள் உயிரை விட்டது. அதனால்தான் இந்த வண்டி. திருமலைராயன்பட்டினத்தில் ஒருவர், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர், தம் தகப்பனார் ஓட்டியதை விற்றார்.

"வாப்பா இருக்கிற வரைக்கும் வழியில விட்டதே இல்லங்க. அவங்க மௌத்தானதுக்கு அப்புறம் சும்மாவே நிக்குது. நான் ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் வர்றவன், என்ன செய்ய?" என்றார். டேங்கைத் துடைத்துக் கொடுக்கும்போது அவர் கை கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தது.

வண்டியை நேரே அம்பகரத்தூருக்கு விட்டேன். அம்மன் சந்நிதிக்கு எதிரே நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினோம். சந்தனத்தை என் மனைவி தன் கையாலேயே குழைத்து வைத்தாள். முகப்பு விளக்கில் வை என்றேன். "அங்க வச்சா காத்துல காஞ்சு உதிர்ந்திடும். வண்டிக்கு உசிர ஊத்துற இடம் இதுதானே" என்று பெட்ரோல் மூடியின் மேல் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பழைய பூச்சின் மேலேயே புதுச் சந்தனம் ஏறியது.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். வண்டியில் கிலோமீட்டர் காட்டும் கருவி செத்துப்போயிருந்ததால் மதகுகளை எண்ணிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டிலிருந்து விழிதியூருக்கு, நான் போகும் வழியில், ஒன்பது மதகுகள்.

முதல் வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், ஏழாவது மதகைத் தாண்டியதும் இருமியது. முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. மனைவி இறங்கி, இட்லி வாளியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். பெட்ரோல் தீர்ந்திருக்குமோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு உதைத்தேன். நாலாவது உதையில் கிளம்பிவிட்டது.

"அம்மாவ வேண்டிக்கிட்டேன், பாருங்க" என்றாள்.

"நாலு உதை உதைச்சது நான்."

"மூணு உதையில ஏன் கிளம்பல?"

மறுநாளும் அதே மதகில் அதேபோல் நின்றது. திரும்பவும் பெட்ரோலைப் பார்த்தேன், உதைத்தேன், கிளம்பியது. அன்றிலிருந்து வண்டி நிற்பதும், நான் மூடியைத் திறப்பதும், அவள் கண்ணை மூடுவதும் எங்கள் பயணத்தின் பகுதியாகிவிட்டன. ஒரு நாள் கிளம்பாவிட்டால்?

பழுது பார்க்கக் கொடுத்தால் வண்டி பட்டறையில் நிற்கும், ஊசிக்கு யார் கொண்டுபோய் விடுவது? நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கைப்பேசியில் வீடியோக்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோய் சொன்னார்கள். முதலில் பிளக்கைக் கழற்றினேன். கறுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, எஞ்சின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தேன். நீலமாகப் பொறி வந்தது. திரும்ப மாட்டும்போது மரை ஏறாமல் கோணிக்கொண்டது. பலவந்தமாகத் திருகினால் மரை அழிந்துவிடும் என்று எந்த வீடியோவிலோ எச்சரித்திருந்தது நினைவுக்கு வர, பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது கார்புரேட்டர். அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது மூன்று திருகாணிகள் என்று எண்ணித் தட்டில் வைத்தேன். மாட்டும்போது இரண்டுதான் இருந்தன. மனைவி விளக்குமாற்றோடு வந்து வாசல் முழுக்கப் பெருக்கி, கோலமாவுக் கிண்ணத்தின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"எண்ணி வச்சீங்களே, அது எங்க போகுதுன்னும் பாத்திருக்கலாம்ல?"

பெட்ரோல் குழாயை ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். அன்றைக்கு மாலைவரை காப்பியும் அந்த வாசனைதான். இவ்வளவுக்குப் பிறகும் வண்டி ஏழாவது மதகில் நின்றது.

வண்டியை விற்ற பட்டினத்துக்காரருக்குப் போன் செய்து கொஞ்சம் கோபமாகவே பேசினேன். "எங்ககிட்ட நல்லாத்தானே சார் ஓடுச்சு? அல்லா மேல ஆணையா சொல்றேன்" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் யாரும் பெட்ரோல் மூடியில் சந்தனம் வைக்கப்போவதில்லை என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

பெட்ரோல் குறைவாக இருப்பதால் ஒழுங்காக இறங்கவில்லையோ என்று டேங்கை நிரப்பினேன். அன்று நாலாவது மதகிலேயே நின்றது. பெட்ரோல் கூடினால் வண்டி தூரம் போக வேண்டும். இது குறைந்த தூரமே போயிற்று. கணக்கு எங்கேயோ தலைகீழாக நிற்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, நல்ல மழையில், நாலாவது மதகில் வண்டி நின்றது. மூடியைத் திறந்தால் டேங்கில் தண்ணீர் போய்விடும் என்று அன்று திறக்கவில்லை. நேற்றுதானே நிரப்பினேன், பார்க்க என்ன இருக்கிறது? உதைத்தேன். பத்து, இருபது, முப்பது என்று எண்ணி, பிறகு எண்ணுவதையும் விட்டேன். சாலையில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது.

"நீங்க தள்ளிக்கிட்டு வாங்க, நான் நடக்கிறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள். குடை காற்றில் மடங்கிப்போக, அதை வெறும் கழியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான். சிறிது தூரத்தில் வண்டியை ஒரு புளியமரத்தடியில் சாத்திவிட்டு அவளைப் பிடிக்க ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு.

நாங்கள் போனபோது கதவு திறந்திருந்தது. அக்கா அடுப்படிச் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தார். மழைக் குளிரில் நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் ரவிக்கை வியர்வையில் ஊறியிருந்தது. கூப்பிட்டதற்கு என்னவோ முனகினார். பக்கத்தில் இன்சுலின் பேனா கிடந்தது.

"சக்கரை இறங்கிடுச்சு! சீனி எடுங்க!" என்று என் மனைவி கத்தினாள். அடுப்படியில் இருந்த டப்பாக்களையெல்லாம் திறந்தேன். துவரம்பருப்பு, மிளகு, புளி, ரவை. அந்த வீட்டில் சீனி கிடையாது. ஒரு பொட்டு இருக்கக் கூடாது என்று தூக்கிப் போடச் சொன்னவளே அவள்தான். அது நினைவுக்கு வந்த கணத்தில் அவள் முகத்தை நான் பார்த்தேன். வெளியே ஓடிப்போய் அடுத்த வீட்டில் ஒரு கை சீனி வாங்கி வந்தாள். நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அக்கா விழுங்க ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பேச்சு வந்ததும் அக்கா சொன்னார்: "நேரமாயிடுச்சேன்னு நானே போட்டுக்கிட்டேன். திருப்பினா டிக்கு டிக்குன்னு சத்தம் வருதுல்ல, எண்ணிக்கிட்டேன். எண்ணிக்கை சரிதான் தம்பி, நீங்களே வேணா பாருங்க. இட்லிதான் வரல."

அன்று என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். "வண்டி சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். மழை விட்டதும் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். இவ்வளவு நேரம் நின்றிருந்தது ஒரே உதையில் கிளம்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, வெயில் காய்ந்த ஒரு பகலில், தனியாக விழிதியூர் போகும்போது வழக்கம்போல் நின்றது. மூடியைத் திறந்தேன். உஸ் என்று ஒரு சத்தம். இத்தனை நாளும் கேட்ட சத்தம்தான், வெயில் சூட்டில் பெட்ரோல் ஆவி வெளியேறுகிறது என்று நினைத்திருந்தேன். அன்று மூடிமேல் கையை அப்படியே வைத்திருந்தேன். காற்று வெளியே வரவில்லை. உள்ளே போயிற்று.

டேங்க் மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வழியில்லை. நிரம்பிய டேங்கில் காற்று கொஞ்சம்தான் என்பதால் அது சீக்கிரமே திணறிவிட்டது. மூடியைத் திறந்தபோதெல்லாம் வண்டி கிளம்பியதும், மழையில் திறக்காத அன்று நெடுநேரம் நின்று காற்று மெல்லக் கசிந்த பிறகே கிளம்பியதும் இதனால்தான். காய்ந்த சந்தனத்தைச் சாவி முனையால் சுரண்டினேன். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை, சந்தனத்தால் அடைபட்டு, கல் மாதிரி இறுகியிருந்தது. சட்டையிலிருந்த ஊக்கால் குத்தி எடுத்தேன். மீதி மதகுகளை நிற்காமல் தாண்டினேன்.

வாசலிலிருந்தே கூவிக்கொண்டு உள்ளே போனேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: காற்று, ஓட்டை, நிரம்பிய டேங்க், சந்தனம்.

அக்காதான் முதலில் சிரித்தார். "தெனம் ரெண்டு தரம் அந்த மூடியத் திறந்து பாத்திருக்கீங்க. எனக்குத்தான் கண்ணு போச்சு, உங்களுக்கு என்ன தம்பி?"

நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அரிந்துகொண்டிருந்த கொத்தவரங்காயைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் வச்ச சந்தனமா?"

"ஓட்டை இருக்கிறது யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியல."

"சீனியத் தூக்கிப் போடச் சொன்னதும் நான். வண்டிய நிறுத்தினதும் நான்."

"அடி போடி, நான் சாகலடி" என்றார் அக்கா. "செத்திருந்தா அப்ப அழு."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மாலையில் கிளம்பும்போது, வண்டி இனிமேல் நிற்காது, காலையில் வந்து ஊசி போட்டுவிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றேன். "இனிமே வேற எதுவாலயாவது நிக்கும்" என்றாள். பஞ்சர் ஆகலாம், நீங்கள் விழலாம், மழை வரலாம் என்று அவள் அடுக்க, நான் அடுக்கவேண்டிய பயங்களையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டது போல இருந்தது. நீங்களும் இங்கேயே வந்துடுங்களேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருப்பது ஒரே அறை.

வண்டி இப்போது நிற்பதில்லை. அவள் கேட்பதையெல்லாம் பின்னால் கட்டி எடுத்துப் போகிறேன். முதலில் மாற்றுப் புடவை நாலு கேட்டாள். பிறகு மூட்டுவலித் தைலமும் தலையணையும். போன வாரம் தோசைக்கல். சாக்கில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"பத்திரமா கட்டினீங்களா?"

"கட்டிட்டேன்."

"அதையும் கொண்டுவந்துட்டா நீங்க அங்க எதுல சுட்டுச் சாப்பிடுவீங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்குப் பின்னால் அக்கா ஊசிக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடுவது கேட்டது. "சரி, வாங்க" என்று வைத்துவிட்டாள்.