ஷமீம் ஏன் திரும்பி உட்கார்ந்தார்?

போன மாதம் ஒரு காலை. கோபாலபுரத்தில் என் மகள் போகும் க்ரெச் வாசலில், மற்ற குழந்தைகள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கதறின. என் இரண்டரை வயது யாழினி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு டாட்டாகூட இல்லை.

‘‘பாருங்க, எவ்ளோ அழகா செட்டில் ஆயிட்டா’’ என்றார் க்ரெச் நடத்தும் மேடம்.

நீங்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். எனக்குச் சந்தேகம் வந்தது.

காரணம் இருக்கிறது. முதல் மாதம் இதே யாழினி வாசலில் அழுவாள். ஆயா ஷமீம் வந்து தூக்கியதும் அவர் தோளில் முகம் புதைத்து அடங்கிவிடுவாள். இப்போது அழுகையும் இல்லை, ஷமீமையும் காணோம். வீட்டிலோ, நான் பாத்ரூம் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறாள்.

அழாத குழந்தை எல்லாம் நிம்மதியாக இருப்பதாக அர்த்தமில்லை, அழுது பயனில்லை என்று நிறுத்தியதாகவும் இருக்கலாம் - எங்கோ படித்தது மண்டையைக் குடைந்தது.

என் புத்தி நேராக எங்கே போனது தெரியுமா? ஷமீம் மேல். அதட்டியிருப்பாரோ... அடித்திருப்பாரோ?

மறுநாள் அரைநாள் லீவ் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பதினொரு மணிக்குப் போய் நின்றேன்.

கைக்குழந்தைகள் அறை வாசலில் ஒரு மரத் தடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு யாழினி நிற்கிறாள். உள்ளே ஷமீம், மடியில் வேறொரு குழந்தையோடு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

‘‘மாசா மாசம் எங்கள ரூம் மாத்திடுறாங்கம்மா. புள்ளைங்க ஒருத்தர்கிட்டயே ஒட்டிக்கக் கூடாதாம். இது தெனம் வந்து நிக்குது. தூக்கக் கூடாதுன்ட்டாங்க. அதான் பாக்காத மாரி திரும்பி உக்காந்துகினு கீறேன்.’’

மேடத்திடம் போனேன். ஆராய்ச்சியே அப்படித்தான் சொல்கிறதாம். அம்மாவிடம் மட்டும்தான் ஒட்டுதல் வேண்டுமாம், ஆயாவிடமும் வந்தால் குழந்தை குழம்பிவிடுமாம். நான் படித்தது நேர்மாறு - பகலில் பார்த்துக்கொள்ளவும் பழகிய முகம் ஒன்று நிலையாக வேண்டும். எங்கே படித்தீர்கள் என்று விடாமல் கேட்டேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் ஒரு பையன் ஆயாவை ‘அம்மா’ என்று கூப்பிட, அவன் அம்மா சண்டை போட்டு அவனை நிறுத்திவிட்டாராம்.

‘‘பேரன்ட்ஸ் நீங்கதானே இப்படி வேணும்னு கேக்குறீங்க?’’ என்றார் மேடம்.

ஆக, இது குழந்தைக்காக இல்லை. நம் பொறாமைக்குப் போட்ட டைம்டேபிள். அதற்கு ஆராய்ச்சி என்று ஒரு பெயர்!

இன்னும் மூன்று அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் இழுத்தடித்து, ஷமீமைப் பழைய அறைக்கே அனுப்பினார்கள். அவரைச் சந்தேகப்பட்டதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை.

நேற்று காலை யாழினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஷமீம் கை நீட்டியதும் தாவிப் போனாள். மாலையில் கூப்பிடப் போனால், வர மாட்டேன் என்று மறுபடியும் அழுகை - இந்த முறை ஷமீமை விட்டுப் பிரிய!

ஆட்டோவில் ஏறும்போது எனக்கு வயிறு லேசாக எரிந்தது. எரியட்டும்... அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.