சருகு கலந்தவன் நான்தான்

அருப்புக்கோட்டையில் மூட்டை அடுக்க ஒரு பருத்திக் கிட்டங்கி. திருச்சுழிப் பக்கம் பாறையை உடைத்துத் தோண்டிய ஒரு கிணறு. ஒரு மச்சு வீடு. மதுரையில் தங்க வைத்துப் படிக்கவைத்து வாத்தியாராக்கிய ஒரு தம்பி. இத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. கிணறு வெட்டும்போது, "இந்தக் கரட்டுல தண்ணி வந்தா மீசைய எடுத்துக்கிறேன்" என்றவர்கள் யுத்த காலத்துப் பஞ்சத்தில் அந்தக் கிணற்றில்தான் குடம் குடமாக மொண்டு போனார்கள். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்தத் தம்பி போன வருஷம் ஒரு நாவல் எழுதினான். எங்கள் அப்பாவைப் பற்றியது. அப்பாவுக்குக் கடைசி நாலு வருஷம் எதுவும் நினைப்பில் நிற்கவில்லை. சாப்பிட்ட இலையை எடுக்குமுன் பசிக்கிறது என்பார். பெற்ற பிள்ளையிடமே எந்த ஊர் என்று கேட்பார். தம்பி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, அரை நாள் அப்பாகூட உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறிவிடுவான்.

புத்தகம் கைக்கு வந்த அன்று கிட்டங்கியில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் தராசுக்காரரை உரக்க வாசிக்கச் சொன்னேன். கேட்டவர்கள் பக்கத்து வீட்டு நெசவுக்காரரும் என் வண்டிக்காரரும். அப்பாவை அந்த நாலு வருஷமும் பார்த்தவர்கள்.

மூன்று மத்தியானம் வாசிப்பு நடந்தது. புத்தகத்து அப்பா சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு ஞானம் பேசுகிறார். அவர் மேல் எந்நேரமும் திருநீற்று மணம். கடைசியில் இளைய மகன் கையைப் பிடித்து, "மகனே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். "மகனேன்னாகளா? அவுக என் வண்டி மாட்டத்தானே மாப்பிள்ளன்னு கூப்பிட்டாக!"

நெசவுக்காரர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, எங்க மாமியாருக்கும் இப்ப இப்படித்தான் இருக்கு. நீங்க எப்படிச் சமாளிச்சீகன்னு தெரிஞ்சுக்கிடலாம்னு மூணு நாளு தறிய விட்டுட்டு வந்தேன். இதுல ஒண்ணுமில்லையே" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி, "ஒங்க தம்பி எழுதுன மாமாவுக்கு வேட்டி தொவைக்க ஆளே வேண்டாம் போலிருக்கு" என்றாள். அப்பா வேட்டியிலேயே போய்விடுவார். நாலு வருஷமும் அந்த வேட்டிகளைத் துவைத்தவன் நான்.

புத்தகத்தில் மூத்த மகனுக்கு ஒரே ஒரு பக்கம். அப்பாவைக் கட்டிலில் கட்டிப் போட்டுவிட்டு யாவாரத்துக்குப் போகிறவன். கட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. லோடு ஏற்ற வேண்டியிருந்த இரண்டு நாள், துண்டால் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். வெளியே போனால் கிணற்றுப் பக்கம் போய்விடுவார். இரண்டாம் நாள் அவர் அழுததைப் பார்த்து அவிழ்த்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. அப்பா பருத்தி விதைத்து வளர்ந்த சம்சாரி. ஒரு தாட்டு மூட்டைப் பருத்தியை முன்னால் கொட்டி, அதில் ஒட்டிய இலைச் சருகைப் பொறுக்கச் சொன்னேன். கை தானாக ஓடியது. எங்கேயும் எழுந்து போகவில்லை, அழவில்லை. சாயங்காலத்துக்குள் பருத்தி பஞ்சுமிட்டாய் மாதிரி சுத்தமாகிவிடும். மறுநாளைக்கு என்ன செய்வது? காலையில் அவர் குளிக்கும் நேரத்தில், பொறுக்கின சருகை மறுபடி அதே பருத்தியில் நானே கலந்துவைப்பேன். எடை கூட்டப் பருத்தியில் சருகு கலக்கிறவனை எங்கள் யாவாரத்தில் வாசலில் ஏற்ற மாட்டார்கள். நான் நாலு வருஷம் கலந்தேன்.

"ஏ யாவாரி, எந்தப் படுவாப்பய இதுல சருகக் கலந்தது? அவன்கிட்ட இனிமே சரக்கெடுக்காதீரும்" என்பார், தினமும். "சரிங்க" என்பேன். பெற்ற அப்பாவுக்கு நான் யாவாரிதான், கடைசி மூச்சு வரைக்கும். அவர் மகனே என்று யாரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்த என் காதில்தான் விழுந்திருக்கும். தம்பி அன்றைக்கு மதுரையில்.

சித்திரையில் வந்தவனிடம் கேட்டேன். "ஏலே, பருத்தி விஷயம் எங்கடா?"

"அது கதைக்கு நல்லாருக்காதுண்ணே. அப்பாவ ஏமாத்துன மாதிரி இருக்கும்."

"நீ மகனேன்னு சொல்ல வச்சது?"

 மறுபடி அச்சுப் போடும்போது பார்க்கலாம் என்றான்.

பார்க்கலாம் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். மறுபடி அச்சுப் போட்டால், துண்டால் கட்டியதும் இருக்கட்டும், பருத்தியும் இருக்கட்டும், வேட்டி துவைத்ததும் இருக்கட்டும். அந்த "மகனே"யை எடுத்துவிட்டு, அப்பாவை நாலு வருஷம் பார்த்துக்கொண்டவன் மூத்த மகன் என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும். என்னால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.