ஐந்து மணிக்குள் ஒரு ஓடிபி

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நம்பும் வேதவாக்கு ஒன்று உண்டு: கஸ்டமர் எதையும் படிக்க மாட்டார். திரையில் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலும் படிக்க மாட்டார். கண்ட பட்டனை அழுத்திவிட்டு நமக்கு போன் போடுவார். வாடிக்கையாளர் புகார்களைத் தீர்த்து வைப்பதுதான் பதினொரு வருடமாக என் பிழைப்பு. கடவுள் நம்பிக்கைகூட எனக்கு அவ்வப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. இந்த நம்பிக்கை ஒரு நாளும் ஆடியதில்லை.

நான் குடியிருக்கும் மறைமலைநகர்த் தெருவுக்கு வேறொரு நம்பிக்கை. ஐடியில் வேலை செய்பவளுக்கு, ஒயர் உள்ள எல்லாம் தெரியும். டிவியில் படம் வரவில்லை, கேஸ் மானியம் ஏறவில்லை, இன்வெர்ட்டர் கத்துகிறது என்று மாடிப்படி ஏறி வருவார்கள். ஒருமுறை ஓடாத கிரைண்டரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெரியாது என்று சொன்னதற்கு, அந்த ஐடி அம்மாவுக்குத் தலைக்கனம் என்று தெருமுனை வரை பேச்சு. அதுவும் நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் இருக்கிறவள் சும்மாதானே இருக்கிறாள்!

பாதி நாள் எரிச்சலாக வரும். மீதி நாள், பொய் சொல்வானேன், உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும். அந்தப் பெருமைதான் ஒரு நாள் என் காலை வாரிவிட்டது.

அன்று பதினொரு மணி இருக்கும். கீழ் வீட்டு அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். மகள் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிந்திருந்தாள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று தனக்கு வேண்டியதை வரிசைப்படுத்தி, ஆன்லைனில் உறுதி செய்து பூட்ட வேண்டும். கெடு அன்று மாலை ஐந்து மணி. தவறினால் அந்தச் சுற்றில் அவளுக்கு எதுவும் கிடையாது.

"தங்கச்சி, உள்ளயே போவ மாட்டேங்குது இது. நீதான் ஐடில கீறியே, கொஞ்சம் தட்டி வுடு" என்றார் அம்மா.

பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது எஸ்ஸா ஐந்தா என்று எழுதியவருக்கே வெளிச்சம். "என்கிட்ட விடு" என்று அந்தப் பெண்ணின் போனை வாங்கி, என் புத்திசாலித்தனத்துக்கு எட்டியபடி மூன்று விதமாக அடித்தேன். மூன்றாவது முறை கணக்கே பூட்டிக்கொண்டது. நாலைந்து வரியோடு ஒரு பெட்டி திரையில் வந்தது. பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும் என்று முதல் வரியில் இருந்தது. அவ்வளவுதானே என்று சட்டென 'சரி'யை அழுத்தினேன். தொழில் தெரிந்தவளின் வேகம்.

பதிவு செய்த எண் அப்பாவுடையது. அப்பா மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அழைத்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான் அழைத்தேன், அம்மா அழைத்தார், மகள் அழைத்தாள், மறுபடி நான் அழைத்தேன்.

"பார்ட்டிய கோயிலாண்ட கூட்டிகினு போனா, போன வண்டிலயே போட்டுட்டுப் பூடுவாரு" என்றார் அம்மா. உடன் ஓட்டும் வேறு யாருடைய எண்ணும் வீட்டில் இல்லை. அப்புறம் கேட்டார். "ஏன் தங்கச்சி, ஓடிபி இல்லாம பின்பக்கமா உள்ள பூந்துட முடியாதா? சினிமால பண்றாங்களே."

"செய்யலாம். அப்புறம் என்னை மாமியார் வீட்டில் வந்துதான் பார்க்கணும்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் நம்பவில்லை. மனசு வைத்தால் முடியும், பிகு பண்ணுகிறேன் என்றுதான் அந்த முகம் சொன்னது.

மகள் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கைப் பூட்டியது நான். ஒன்றரை மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக் காலடியில் வைத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அன்று எனக்கு விடுப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டி, திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஜூஸ் கடை ஓரம் நிறுத்தித்தான் இரண்டரை மணி மீட்டிங்கில் சேர்ந்தேன். கரும்பு இயந்திரம் ஒரு பக்கம், பேருந்து ஹாரன் ஒரு பக்கம். "உங்க வீட்ல ஏதோ வேலை நடக்குது போல" என்றார் மேனேஜர். ஆமாம், மாடி கட்டுகிறார்கள் என்றேன். ஒரு கஸ்டமர் பட்டனைக் காணோம் என்று மூன்றாவது முறையாகப் புகார் கொடுத்திருக்கிறாராம்.

"பக்கத்திலேயே தெளிவா எழுதியிருக்கு சார். படிச்சிருக்க மாட்டாங்க. யார் படிக்கிறாங்க?" என்றேன் நான்.

கையில் கரும்புச்சாறு டம்ளரோடு அந்தப் பெண் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலவும் இருந்தது. ஆனால் குடித்து முடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மாமல்லபுரம் போய்ச் சேர மூன்றரை. வேன்கள் நிற்கும் இடத்தில் வெள்ளை வேன்களாகவே நின்றன. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான்கு மணிக்குக் கடைசி வரிசையில் அவர் அகப்பட்டார். பின்சீட்டில் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அருமையான தூக்கம்.

"அப்பா! போனு எங்கப்பா?"

எழுந்தவர் எங்களைப் பார்த்துப் பதறிவிட்டார். "இன்னா ஆச்சு? அம்மாக்கு இன்னா?"

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் நாலைந்து நிமிடம் ஓடிவிட்டது. டேஷ்போர்டிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். உயிரில்லை. காலையிலிருந்து மூன்று பேர் மாறி மாறி அடித்ததில் இருந்த கொஞ்ச சார்ஜும் தீர்ந்திருந்தது. வேனில் சார்ஜர் கெட்டுப்போய் ஒரு வாரமாம். எதிரில் இருந்த டீக்கடைக்கு ஓடினோம். டீ மாஸ்டர் தன் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். திரையில் பேட்டரிப் படம் மட்டும் வந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

நாலு பத்து. நாலு பதினைந்து. நாலு இருபது. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். "போன உட்டு ஒரு நிமிசம் கம்முனு இரும்மா, ஏறட்டும்" என்று மாஸ்டர் அதட்டினார். ஒரு பெண்ணின் படிப்பைப் பாழாக்கிவிட்டேன் என்ற நினைப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அவள் என் கையை மெல்லத் தொட்டாள். "அக்கா... மெயிலுக்கும் அனுப்பலாம்னு காலைலயே போட்டிருந்துது."

"எங்கே?"

"அந்தப் பொட்டிக்குள்ளயே. கீழ. நீங்க சரின்னு அமுக்கிட்டீங்க. மெயிலு என்னுதுதான்கா, இந்த போன்லயே கீது."

அவளுடைய போனில் மறுபடி அந்தப் பெட்டியை வரவழைத்துக் காட்டினாள். இருந்தது. மொபைலா, மின்னஞ்சலா என்று கேட்டு, பக்கத்தில் இரண்டு வட்டங்கள். சின்ன எழுத்துகூட இல்லை. நல்ல பெரிய எழுத்துதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் நாற்பது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் அலைந்திருக்கிறேன்.

"ஏன்டி காலையிலேயே சொல்லலை?"

"நீங்க ஐடில கீறீங்களேக்கா. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். அப்பால மீட்டிங்ல வேற யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களா... நாந்தான் தப்பாப் படிச்சிட்டனோன்னு ஆயிடுச்சு."

அவளே ஓடிபி எடுத்தாள், புதுப் பாஸ்வேர்டு போட்டாள், வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே சரிபார்த்துப் பூட்டினாள். நாலு முப்பத்தைந்து. நான் ஒரு டீ சொன்னேன்.

அதற்குள் அப்பா பக்கத்து டிரைவர்களிடம் ஆரம்பித்துவிட்டார். "மேடம் ஐடில பெரிய ஆளுப்பா. மறைமலைநகர்லேர்ந்து வண்டி ஓட்டிகினு வந்து முடிச்சுக் குடுத்தாங்க. அவங்க இல்லன்னா பேஜாரா ஆயிருக்கும்."

"நான் இல்லைங்க, உங்க பொண்ணுதான் பண்ணினா" என்றேன்.

"படிச்சவங்க அப்டித்தான் சொல்வாங்க" என்று அவர் என்னைக் கும்பிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். "அண்ணா, கணக்கு பூட்டிக்கிட்டதே என்னாலதான். நான் படிக்காம அமுக்கினேன். உங்க பொண்ணு படிச்சுப் பார்த்துத் திறந்தா. நான் கை வைக்காமலே இருந்திருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும்."

அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். அவள் தலையாட்டினாள். ஒருவழியாக உயிர் வந்திருந்த தன் போனை சார்ஜரிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அப்ப இத்தயும் கொஞ்சம் பாரு. மூணு மாசமா போட்டா எடுத்தா எடமில்ல, எடமில்லன்னு சொல்லிகினே கீது."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். இன்னொரு டிரைவர் தன் போனோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு டீ மாஸ்டர். லேப்டாப் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்த என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.