பூச்சி கேசட்டுக்கு ஒரு சாட்சி

சூடேறிய டி.வி. பெட்டியிலிருந்து கிளம்பும் தூசி வாடையும், அதன் தலைமேல் காய வைத்த பிளாஸ்டிக்கின் வாடையும் சேர்ந்ததுதான் என் மூக்குக்குச் சாரல் காலம். குற்றாலத்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் தெரு முழுக்க ஈரம் ஏறிவிடும். உப்பு நீர்த்துப்போகும், தீக்குச்சி பிடிக்காது, வீடியோ கேமுக்குள் செருகும் ‘கேசட்’டும் வேலை செய்யாது. அதனால் டி.வி.யை வெறுமனே ஓடவிட்டு, அது சூடானதும் கேசட்டை அதன்மேல் வைத்துக் காயவிட்ட பிறகே விளையாட உட்காருவோம். கேசட்டை வாயால் ஊதினால் போதும் என்று பின்னால் வந்த பிள்ளைகள் சொன்னார்கள். ஊதினால் இன்னும் ஈரம்தான் ஏறும் என்பது சாரலில் வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

அது காதர் மாமா வீட்டு டி.வி. அடுத்த வீட்டுக்காரரான அவர் சவுதியில் லாரி ஓட்டினார். சாரலுக்குத் தோதாகத்தான் லீவு போடுவார். அப்படி வந்த ஒருமுறை டி.வி.யோடு, இரண்டு கம்பிக் கைப்பிடிகள் வைத்த அந்தக் கறுப்பு வீடியோ கேம் பெட்டியையும் கொண்டுவந்தார். எந்த டி.வி. நிலையத்தின் அலையும் அப்போது எங்கள் ஊரை எட்டியிருக்கவில்லை. ஆகவே எங்கள் தெருவில் டி.வி. என்றால், மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கிவரும் பூச்சிகளும் கீழேயிருந்து அவற்றைச் சுடும் குட்டிக் கப்பலும்தான். சில வருடங்கள் கழித்து முதன்முதலாகச் செய்தி வாசிப்பவர் திரையில் தோன்றியபோது, எதிர்வீட்டு அண்ணாச்சி, “இவர எப்பம்டே சுடணும்?” என்று கேட்டார்.

அந்தப் ‘பூச்சி கேசட்’டில் இருவர் கெட்டி. ஒருவர் காதர் மாமாவின் மகள் மும்தாஜ், மற்றவன் நான். அவள் கண்ணால் ஆடினாள், நான் எண்ணி ஆடினேன். வரிசைக்கு எத்தனை பூச்சி, எத்தனை அடி நகர்ந்தால் திரும்பும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். படிக்கட்டுகளையும் தோசைகளையும்கூட எண்ணுகிறவன் என்பதால் தெருவில் என் பெயரே ‘கணக்கு’. பெட்டிக்கோ ஞாபகசக்தி கிடையாது. சாரல் காற்றில் எங்காவது கம்பி உரசி கரண்ட் போனால் எடுத்த புள்ளியெல்லாம் போயிற்று. அதனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால்தான் புள்ளி செல்லும் என்பது தெருவின் சட்டம்.

லீவு முடியப்போகும் வாரத்தில் காதர் மாமா ஒரு போட்டி வைத்தார். பெட்டி அவர் வீட்டில் இருக்கும். ஆனால் அவர் மறுபடி வரும்வரை கேசட்டை வைத்திருக்கும் உரிமை, அந்த வாரத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு. மும்தாஜ் ஜெயித்தால் பெட்டியும் அவளிடம், கேசட்டும் அவளிடம். பிறகு அவள் மனம் வைத்தால்தான் எங்களுக்கு ஆட்டம். “இவனுக கெஞ்சுத கெஞ்சுல நான் ராணி மாதிரி இருப்பேன்” என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் எடுத்தும் வைத்திருந்தாள்.

கடைசி நாள் என் முறை நடந்துகொண்டிருந்தபோது, பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று செய்தி வந்தது. அப்படிச் செய்தி வந்தால் எங்கள் தெருவில் கையிலிருக்கும் வேலை எதுவானாலும் நின்றுவிடும். காதர் மாமா நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு வேனில் ஏறினார். பின்னாலேயே அத்தனை பேரும் ஏறினார்கள். அந்தப் பெட்டியில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க வழியில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

மும்தாஜும் போகவில்லை.

“நீ போகலையாட்டி?” என்று கேட்டேன்.

“நான் போனா நீ புள்ளியக் கூட்டிச் சொல்லுவே. ஆடு, பாக்கேன்.”

புள்ளி, திரையின் மேல் ஓரத்தில் நான்கே இலக்கத்தில் ஓடும். என் கண்ணோ கீழே கப்பலை விட்டு அசையவில்லை. அழித்த பூச்சிக் கூட்டங்களை மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். நடுவில் வோல்டேஜ் இறங்கிப் படம் சுருங்கியது. கரண்ட் போய்விடுமோ என்ற பதற்றத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு எண்ணிக்கை தவறியது. வெகுநேரம் கழித்து, வேன் திரும்பிவந்த சத்தம் கேட்டபோது என் கடைசிக் கப்பலும் வெடித்தது. தலையில் ஈரம் சொட்ட எல்லோரும் உள்ளே வந்து திரையைப் பார்த்தார்கள். அதில் இருந்தது நூற்று முப்பது.

“இவ்வளவு நேரம் ஆடி நூத்தி முப்பதாலே? அருவிக்காவது வந்திருக்கலாம்லா” என்று ஒருவன் சிரித்தான்.

“இல்லத்தா” என்றாள் மும்தாஜ் தன் தகப்பனாரிடம். “நாலு ஒம்பதும் வந்து, நாலும் முட்டையாகி, மொதல்லருந்து ஓடுச்சு. நான் பாத்தேன்.”

காதர் மாமா தலையைத் துவட்டியபடி அவள் பக்கம் திரும்பினார். “என் லாரி மீட்டரும் அப்படித்தான் முட்டைக்கு வந்துட்டு. அதுக்காக அது புது லாரியா?” என்று சொல்லிவிட்டுக் கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். ஈரம் ஏறாமலிருக்க அதை எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் சேர்ந்தால்தான் ஆட்டம் என்றாயிற்று. தெருவுக்கே கொண்டாட்டம்.

ஆனால் தெரு வாய் சும்மா இருக்குமா? “பாவம்னு விட்டுக்குடுத்துட்டா” என்று பையன்கள் சொன்னார்கள். நான் சண்டைக்குப் போவேன். இராத்திரி படுத்தால் அந்தச் சந்தேகம் எனக்கே வரும். நான் கண்ணால் பார்க்காத, எண்ணியும் வைக்காத ஒரே கணக்கு அது. என் இளமையின் பெரிய வெற்றி முழுக்க ஒரு போட்டிக்காரியின் வாய்ச்சொல்லில் நின்றது. அவளிடம் நேராகக் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது காதர் மாமா இல்லை. அவர் வீடு இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மும்தாஜ் மேலகரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். சென்ற மாதம் என் மகன் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். பழைய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன, பூச்சி ஆட்டமும் இருக்கிறது. காய வைக்கக் கேசட் இல்லை, நடுவில் நிறுத்தி டீ குடிக்கலாம், புள்ளியைப் பெட்டியே சேர்த்துவைக்கும். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. வீட்டில் தனியாக ஆடிப் பழகி, ஒரு நாள் நான்கு ஒன்பதும் முட்டையாவதை முதன்முறையாக என் கண்ணாலேயே பார்த்தேன்.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலகரம் போனேன். மும்தாஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். அவள் பார்க்கிறாள் என்றதும் நான் கப்பலைத் தப்புத்தப்பாக நகர்த்தினேன். அறுநூற்றுப் பத்தில் ஆட்டம் முடிந்தது.

“நேத்து வீட்டுல நாலு ஒம்பதையும் சுத்தி வந்தேன் தெரியுமா?” என்றேன்.

“நேத்து நான் பாக்கலையே” என்றாள். “அறுநூத்திப் பத்து. அம்புட்டுதான்.”

அவள் மருமகள் டீயை வைத்துக்கொண்டே, “விடுங்க மாமி, ஆசையா வந்திருக்காங்க, பாவம்” என்றாள்.

“பாவம்னு பாத்துப் புள்ளி குடுக்க முடியாது. எவனுக்கும் நான் அப்படிக் குடுத்ததில்ல” என்றாள் மும்தாஜ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அறுநூற்றுப் பத்து என்று நானும் ஒருமுறை உரக்கச் சொன்னேன். அவள் மருமகள் என்னைப் பார்த்த பார்வையை வைத்துச் சொன்னால், நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.