சத்தத்தைத் தின்ற சவுண்ட் கார்டு

1. திரும்பி வந்த மோட்டார்கள்

ஆயுத பூஜைக்கு முன்னாலேயே லீவு போட்டு வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கம்பெனிக்குள் கால் வைத்தால், எம்டி ரூமில் கத்தல். கண்ணாடிக் கதவு மூடியிருந்தும் மோட்டார் பூட்டும் லைன் வரைக்கும் கேட்டது.

எங்களுடையது ஒரகடத்தில் ஒரு சின்ன கம்பெனி. கார் ஏசிக்குக் காற்று தள்ளும் ப்ளோயர் மோட்டார் செய்கிறோம். ஒவ்வொரு மோட்டாரையும் சத்தம் பார்க்கும் பூத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம். பூத்தில் உட்காருகிறவள் சுமதி. வல்லம் பக்கத்துப் பெண். காண்ட்ராக்டில் வேலை. அந்த மாசம்தான் அவளை பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு.

"மாவு மிஷின் மாதிரி கத்துதாம்யா! கஸ்டமர் லைன்ல ஏசிய போட்டதும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களாம். லாட்டு மொத்தமும் ரிட்டர்ன். இந்தப் பொண்ணு மோட்டாரை ஓட்டாமலே ஓகே ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கா" என்றார் எம்டி.

சுமதி அழவில்லை. "சார், ஒண்ணு ஒண்ணா வெச்சி ஓட்டினேன். பச்சை வந்துச்சு. பச்சை வந்தா ஸ்டிக்கர் ஒட்டணும். நான் இன்னா பண்றது?"

"பச்சை வந்த மோட்டாரு எப்படிம்மா கத்தும்? நாளையிலருந்து இவளை கேட்டுல விடாதீங்க."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கம்பெனியில் அப்படிப் போக எனக்கு மட்டும்தான் தைரியம் உண்டு.

"சார், அந்த பூத்து நான் கட்டினது. சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க. நான் பாக்காம யாரையும் அனுப்பாதீங்க."

"பூத்துல தப்பு இல்லன்னா, ஏழுமலை?"

"அப்ப நீங்க சொல்றதுதான்."

2. பூத் எப்படி வேலை செய்கிறது

படிக்கிற பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் எட்டாவது ஃபெயில். சுங்குவார்சத்திரத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவன். மைக் ஊளையிட்டால் எந்த வயர், எந்தக் குமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஞானத்தை வைத்துத்தான் இந்த பூத்தைக் கட்டினேன். கோட்டு போட்ட ஒரு ஆடிட்டர் வந்து பார்த்துவிட்டு, "எந்த ஏஜென்சி பண்ணினாங்க?" என்று கேட்டார். "இந்த ஏஜென்சிதான்" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

ப்ளைவுட் பெட்டி, உள்ளே முழுக்க ஃபோம். நடுவில் அளக்கிற மைக். அதிலிருந்து ஒரு வயர், மைக்கின் சன்னமான சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்புக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் மைக் ஓட்டைக்குள் நுழையும். சாஃப்ட்வேர் சத்தத்தை அளந்து டெசிபல் கணக்கில் நம்பர் காட்டும். லிமிட்டுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு.

இதில் எல்லோரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு. சாஃப்ட்வேருக்குக் காது கிடையாது. சவுண்ட் கார்டு கொடுப்பதைத்தான் அது நம்பும். நடுவில் இருக்கிற சவுண்ட் கார்டு நாணயமான ஆளாக இருக்க வேண்டும்.

3. எல்லாமே பச்சை

சூப்பர்வைசர் பாஸ்கரையும் சுமதியையும் கூட்டிக்கொண்டு பூத்துக்குப் போனேன். பாஸ்கர் டிப்ளமோ. நல்ல பையன்தான். ஆனால் போர்டில் நம்பர் நன்றாக வந்தால் போதும் அவனுக்கு. பூஜைக்குப் பிறகு போர்டில் ரிஜெக்‌ஷன் என்ற கட்டத்தில் தினமும் பூஜ்யம் எழுதி, அதற்குக் கைதட்டல் வேறு வாங்கியிருக்கிறான்.

"நான் அன்னிக்கே சொன்னேண்ணா. எல்லாம் பச்சையா வருது, ஆனா கதவைத் தெறந்தா ஒண்ணு ரெண்டு கரகரன்னு கீதுன்னு. இவருதான் கேக்கல" என்றாள் சுமதி.

"மெஷின் ஓகே சொல்லுது, நீ காத வெச்சிகினு நாட் ஓகே சொன்னா எதைக் கேக்கறது?" என்றான் பாஸ்கர்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றேன்.

முதலில் ஓகே மாஸ்டரை எடுத்தோம். நல்ல மோட்டார் ஒன்றை மாதிரிக்கு என்று தனியாக வைத்திருப்போம், அதற்குப் பெயர் ஓகே மாஸ்டர். ஓட்டினோம், பச்சை. அது சரி. அதேபோல் வேண்டுமென்றே கெட்ட மோட்டார் ஒன்றும் இருக்க வேண்டும். சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருப்போம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் அதையும் ஓட்டி, சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"சிவப்பு மோட்டார் எங்கே?"

பாஸ்கர் தலையைச் சொறிந்தான். "பூஜைக்கு ஃபுல் க்ளீனிங் பண்ணோம்ணா. சிவப்பு பெயிண்ட் அடிச்சது எல்லாத்தையும் ரிஜெக்ட்டுன்னு ஸ்கிராப்புக்கு அனுப்பிட்டோம்."

"அதுக்கு அப்பறம் எதை வெச்சிடா செக் பண்ணே?"

"ஓகே மாஸ்டரை வெச்சி. அது ஓகேதான் காட்டிச்சு."

காட்டாமல் என்ன செய்யும்? எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

ரிட்டர்ன் வந்ததில் இருப்பதிலேயே மோசமான ஒன்றை எடுத்து பூத்தில் வைத்து ஓட்டினேன். மூடிய கதவுக்கு வெளியே நிற்கும்போதே கரகரப்பு கேட்டது. ஸ்க்ரீனில் நம்பர் முதலில் மேலே ஏறியது. அப்புறம் யாரோ கீழே இருந்து இழுப்பது போல மெதுவாக இறங்கி பச்சையில் போய் உட்கார்ந்தது. மோட்டார் அப்படியேதான் கத்திக்கொண்டிருந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு பூத் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். "டேய் பாஸ்கரு, சோத்தைத் தின்னியா, தூங்கினியா, ஊருக்குப் போனியா" என்று நிறுத்தாமல் கத்தினேன். நம்பர் ஏறி அங்கேயே நின்றது.

"பாத்தியா? மனுசன் கத்தினா ஏறுது. மோட்டாரு கத்தினா இறங்குது. மைக்கு நல்லா கீது. நடுவுல எவனோ பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக்கினு கீறான்."

4. இரண்டு டிக்

கம்ப்யூட்டரில் சவுண்ட் செட்டிங்கைத் திறந்தேன். ரெக்கார்டிங், அதில் மைக், அதில் ப்ராப்பர்ட்டீஸ். என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற பக்கத்தில் இரண்டு டிக் இருந்தது. இரைச்சலை அடக்கும் நாய்ஸ் சப்ரெஷன் ஒன்று, எதிரொலியை அடக்கும் எக்கோ கேன்சலேஷன் இன்னொன்று. லெவல்ஸ் பக்கத்தில், மைக் சத்தத்தைக் கூட்டும் மைக் பூஸ்ட்டையும் ஏற்றி வைத்திருந்தார்கள். நான் வைத்திருந்தது ஒரு டிக்கும் இல்லாமல், பூஸ்ட் பூஜ்யத்தில்.

பாஸ்கர் முகம் செத்துப் போனது.

"பூஜையன்னிக்கி எம்டி சார் பேசணும்னாருண்ணா. கைல புடிக்கிற மைக்கை இந்தக் கம்ப்யூட்டர்லயே சொருகினேன். பெடஸ்டல் ஃபேன் சத்தம் கொர்னு வந்துச்சு, ஊளை வேற. இதை டிக் பண்ணேன், க்ளியரா ஆயிடுச்சு. அப்பறம் பூத் வயரைத் திரும்ப சொருகிட்டேன்."

"வயரைச் சொருகினே. டிக்கை எடுத்தியா?"

எடுக்கவில்லை. நாய்ஸ் சப்ரெஷன் என்பது மனிதன் பேசுவதற்காகச் செய்தது. ஏற்ற இறக்கமாக வந்தால் பேச்சு என்று விட்டுவிடும். ஒரே மாதிரி நீளமாக ஓடும் சத்தம் ஃபேன் சத்தம் என்று நினைத்துத் தின்றுவிடும். நாங்கள் செய்வதே ஃபேன் மோட்டார். எதை அளக்க உட்கார்ந்தோமோ அதைத்தான் அது தின்றிருக்கிறது.

இரண்டு டிக்கையும் எடுத்தேன். பூஸ்ட்டை இறக்கினேன். ஒரு நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை எடுக்கிறது என்ற கணக்கு, அதாவது சாம்பிள் ரேட், சாஃப்ட்வேரில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்றா என்று பார்த்தேன். மைக் மேல், அளவு தெரிந்த ஒரே சத்தம் கொடுக்கும் காலிபிரேட்டரை மாட்டி, அதன் சத்தத்துக்கு நம்பர் சரியாக வரும்படி வைத்தேன். அப்புறம் அதே கரகர மோட்டாரை ஓட்டினேன். சிவப்பு. இறங்காமல் நின்றது. இன்னொன்று, அதுவும் சிவப்பு. சுமதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

எம்டியைக் கூப்பிட்டு அவர் கண் முன்னாலேயே டிக்கைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு.

"யாருய்யா இதை ஆன் பண்ணது?"

பாஸ்கர் தரையைப் பார்த்தான். நான் சொன்னேன்: "உங்க ஸ்பீச்சுக்காகப் போட்டது சார். ஸ்பீச் ரொம்ப க்ளியரா கேட்டுச்சாம்."

எம்டி என்னைப் பார்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார். "சரி, அந்தப் பொண்ணை நாளைக்கு வரச்சொல்லு" என்று முணுமுணுத்துவிட்டு ரூமுக்குப் போய்விட்டார்.

பக்கத்திலேயே நின்ற சுமதி என்னிடம் சொன்னாள்: "வரேண்ணா. ஆனா திட்டினது லைன் மொத்தமும் கேட்டுச்சு. இதை மட்டும் மெதுவா சொல்லிட்டுப் போறாரு. ஓட்டாம ஸ்டிக்கர் ஒட்டினவன்னு பேரு அப்பிடியேதான கீது?"

நியாயம்தானே? அதே வார்த்தையை எம்டி ரூமுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பேனா மூடியைக் கழற்றினார், போட்டார்.

மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நின்றார். "பூத் செட்டிங் மாறினது நம்ம பூஜைக்காக, எனக்காக. சுமதி மேல தப்பு இல்ல. அந்தப் பொண்ணு சத்தம் வருதுன்னு சொல்லியிருக்கு, நாமதான் கேக்கல" என்றார்.

பின்வரிசையிலிருந்து சுமதி கேட்டாள்: "அப்ப பெர்மனென்ட்டு, சார்?"

லைன் முழுக்கச் சிரிப்பு. எம்டியும் சிரித்துவிட்டார். "ஆமாம்மா, ஆமாம். போய் வேலையைப் பாரு."

அந்த மாசமே ஆனாள்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். அளக்கிற கம்ப்யூட்டரில் பாட்டு போடாதே, மைக் பேசாதே. செட்டிங் மாறிவிட்டதா என்று நல்ல மோட்டாரைக் கேட்காதே, கெட்ட மோட்டாரைக் கேள். ஒரு ஷிஃப்ட் முழுக்க சிவப்பே வரவில்லையென்றால் போர்டில் எழுதக் கிளம்பாதே. உட்கார்ந்து சவுண்ட் செட்டிங்கைத் திற.