முதுகில் போட்ட ஊசியும் மாகறல் ஈசன் தந்த மகளும்

என் முதல் பிள்ளை பிறந்து அழவே இல்லை. வீட்டிலேயே பிரசவம். அத்தனை வலித்துப் பெற்றும் கையில் தங்கவில்லை. அடுத்தது வயிற்றில் தங்கியபோது மாகறல் ஈசன் சந்நிதியில் நின்று அழுதேன். "எவ்வளவு வலி வேண்டுமானாலும் கொடு, தாங்கிக்கொள்கிறேன். பிள்ளையை மட்டும் உயிரோடு கொடு" என்று வேண்டிக்கொண்டேன்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் வலி எடுத்தது. முகமெல்லாம் வீங்கியிருந்ததால் வீட்டுக்காரர் பயந்துபோய், டாக்ஸி பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. மதியம் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை.

மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். "முதுகுல சின்னக் குழாய் வெச்சு மருந்து விடறேம்மா. வலி குறைஞ்சா அழுத்தமும் இறங்கும். இப்படியே போனா உனக்கு ஜன்னி வந்துடும், குழந்தைக்கும் ஆபத்து" என்றார்.

மாட்டவே மாட்டேன் என்றேன். வலியைத் தாங்குவதாகச் சாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால், பிள்ளையை எடுத்துக்கொள்ளுமே! "ஈசனே, நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்று கதறினேன்.

கூட நின்றவள் என் நாத்தனார் சரசு. எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்பவள். "அண்ணி, நீ சாமிகிட்ட புள்ளைய கேட்டியா, வலிய கேட்டியா? கேக்காதத எதுக்கு வாங்கிக்கினு கிடக்கிற?" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டதே! "போடுங்கம்மா" என்றேன்.

முதுகை வளைத்து, துளியும் அசையாமல் உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டுத் தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும்போது மூச்சை அடக்கிக் குனிந்திருப்போமே, அப்படியே உட்கார்ந்தேன். வலி வந்த நேரத்திலும் அசையவில்லை. முதலில் கொஞ்சம் மருந்து விட்டு, "கால் அசையுதா?" என்று பார்த்தார். பிறகுதான் இன்னும் கொஞ்சம். அம்மாடி! இடுப்பைப் பிளந்த வலி மெல்ல மெல்ல இறங்கியது. அழுத்தமும் இறங்கியது. வலி மறுபடி தலைகாட்டினால் சொல்லச் சொன்னார். சொன்னபோதெல்லாம் அளவாக விட்டார். பிள்ளை கீழே வந்ததும், "இனிமே மருந்து விடமாட்டேன், நீ முக்கணுமே" என்று நிறுத்திக்கொண்டார்.

முக்கினேன். பெண் பிறந்தாள். அழுதாள் பாருங்கள், வார்டே அதிர்ந்தது! "உன்ன மாதிரியே வாய், அண்ணி" என்று சொல்லிக்கொண்டே சரசுவும் அழுதாள். நான் ஈசன் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அன்றோடு நான் சாமியிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். வேண்டியதைக் கேட்கிறேன், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறேன். அன்பர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் நிச்சயம் வரும். அது நாத்தனார் வாயிலிருந்து வந்தாலும் தட்டிவிடாதீர்கள்!